சிக்குக் கோலமும் பனியன் துணியும்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் கோலத்தின் கோட்டுக்கு ‘இழை’ என்று பெயர். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, சிறு துணியை அதில் நனைத்து, விரலிடுக்கில் பிழிந்தபடி இழுத்தால் இழைக்கோலம். அதே கோடு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தன்னையே குறுக்கே தாண்டி, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தால் சிக்குக் கோலம். இழை, சிக்கு, பின்னல் எல்லாம் நூலோடு புழங்குகிறவர்களின் சொற்கள். மாவுக்கும் நூலுக்கும் உறவு உண்டு என்பதை டெல்டாப் பெண்கள் எப்போதோ கண்டுகொண்டுவிட்டார்கள்.

பின்னலாடை வடிவமைப்பாளர்களுக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது. ‘பாரம்பரிய டிசைன்’ என்று கடைக்கு வரும் டி-ஷர்ட்டுகளைப் பாருங்கள். கறுப்புத் துணி, நெஞ்சில் வெள்ளைக் கோலம் ஒன்று அச்சாகியிருக்கும். நாலு துவைப்பில் பாதிப் புள்ளி உதிர்ந்துவிடும். இதற்கு வடிவமைப்பாளர் எதற்கு? ஜெராக்ஸ் கடை போதும்.

நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பனியன் துணியின் சங்கதி வேறு. ஊசி நூலை வளையமாக இழுக்கிறது; அந்த வளையத்துக்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று. திருப்பூரின் பெரிய வட்ட மெஷின்களில் பல நூல்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும் தத்துவம் இதுதான்: நூல் தன்னைத்தானே கோத்துக்கொண்டு துணியாகிறது. பழைய ஸ்வெட்டரின் ஓரத்தில் நுனியைப் பிடித்து இழுத்தால் வரிவரியாகப் பிரிந்து வருவது அதனால்தான். சிக்குக் கோலத்தின் இழை போகிற வழியும் ஏறக்குறைய இதுவே. அப்படியிருக்க, அதைத் துணிக்குள் பின்னாமல் மேலே ஒட்டவைக்கிறார்கள்.

கோலத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது படத்தை அல்ல, அது உருவாகும் விதியை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி இதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்தார். ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலத்துக்கு ஓர் இலக்கணம் எழுதலாம் என்று 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கணினி அறிவியல் அதை வாங்கிக்கொண்டது. பனியன் கம்பெனிகளின் வாசலில் அது இன்னும் நிற்கிறது.

விதியென்றால் முட்டுக்கட்டையும் சேர்ந்ததுதான். ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ள ஷெட்லாண்ட் தீவுகளில் பிறந்த ஃபேர் ஐல் ஸ்வெட்டரில் எத்தனையோ நிறங்கள் இருப்பதுபோல் தோன்றும். மரபுப்படி ஒரு வரிசையில் இரண்டுக்கு மேல் கிடையாது. வேண்டாத நூலைத் துணியின் பின்பக்கமாக இழுத்துச் செல்ல வேண்டும். மூன்றாவது சேர்ந்தால் துணி கனத்துவிடும். அந்த நெருக்கடிதான் அதற்கு முகம் கொடுத்தது. நம் தறிக்கும் வளைவு வராது, படிதான் வரும். பட்டுக்கரையில் கோபுரம் படிப்படியான முக்கோணமாக நிற்பது அதனால்தான். பின்னலில் இன்னொரு சிக்கல்: வளையத்தின் உயரம் பெரும்பாலும் அகலத்தைவிடக் குறைவு. சதுரக் கட்டத்தாளில் வட்டமாக வரைந்த கோலம் துணியில் நசுங்கி, தட்டையடித்த ஆரஞ்சுபோல் வரும். கோலத்தைத் தாளிலேயே கொஞ்சம் நெட்டையாக்கத் தெரிய வேண்டும். வடிவமைப்பு என்பது இந்த வேலைதான்.

அந்த வேலையின் உச்சத்தைப் பார்க்கக் கொள்ளிடத்தின் வடகரைக்குப் போக வேண்டும். தஞ்சை மராட்டிய அரசக் குடும்பத்துக்குப் புடவை செய்து தந்த ஊர் கோடாலிக் கருப்பூர். மெல்லிய பருத்தி நெசவில், பூ வரவேண்டிய இடங்களில் மட்டும் ஜரிகையைத் தனி ஊடையாகக் கோப்பார்கள். தறியிலிருந்து இறங்கிய துணி சித்திரம் எழுதுகிறவர் கைக்குப் போகும். அவர் மெழுகால் காப்பிட்டுச் சாயத்தில் முக்குவார். பருத்தி செம்பழுப்பைக் குடிக்கும், ஜரிகை குடிக்காது. சிவந்த கோடுகளுக்கு நடுவே பொன் எட்டிப் பார்க்கும். எழுதுகிறவர் கோடு எங்கே வரும் என்று நெசவாளிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நூலளவு பிசகினாலும் பூ சிதைந்துபோகும்.

1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி அரச பட்டத்தை முடித்துவைத்தது. வாங்க ஆளில்லாத புடவை அந்த நூற்றாண்டோடு நின்றது. இன்று அதைப் பார்க்க லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. நெய்த கை போயிற்று, எழுதிய கை தப்பியது. கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோயில்களில் தொங்கும் தொம்பையும் விதானமும் எழுதி அது பிழைத்துக்கொண்டது.

அந்த எழுத்துக் கலையான கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; திருபுவனம் பட்டுக்கு அதற்கு இரண்டாண்டு முன்பே. நல்லதுதான். ஆனால் குறியீடு காப்பது பெயரை, கோட்டை அல்ல. கலம்காரிபோல மெஷினில் அச்சடித்து, கருப்பூர் என்று சொல்லாமல் விற்றால் அது தடுக்காது. கோலத்துக்கோ உரிமையாளரே கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால்தான் எடுப்பவர்கள் யாருக்கும் எதுவும் தருவதில்லை.

திருப்பூரில் பின்னலாடை வடிவமைப்புக்கென்றே நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் மார்கழியில் ஒரு வாரம் கும்பகோணம் பக்கத்து அக்ரகாரத்துக்கும் குடியானத் தெருவுக்கும் வரட்டும். கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு பாட்டியின் பக்கத்தில் குந்தி உட்காரட்டும். பாட்டி முதலில் கேட்பது, “எத்தனை புள்ளி, எத்தனையில நிறுத்தணும்?” என்பதாகத்தான் இருக்கும். ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி, நாலில் நிறுத்தம் என்று சொல்லத் தெரியாவிட்டால் மாவுக் கிண்ணம் கைக்கு வராது. புள்ளி கோணினால் இழை சேராது. அழித்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார். வாரக் கடைசியில், வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வந்து பேசினால் கல்லூரி கொடுக்கும் அதே தொகையை, பயணப்படி நீங்கலாக, அந்தப் பாட்டிக்கும் எண்ணிக் கொடுக்கட்டும்.