ஏ.சி. வாங்குமுன் ஒரு ஊதுபத்தி



பங்குனி பிறந்துவிட்டால் வட சென்னை மாதவரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். ஒரு டன் போதுமா, ஒன்றரை டன் வாங்கிவிடலாமா? தவணையில் எடுக்கலாமா? நம் இதழுக்கு வரும் கடிதங்களிலும் இந்தக் கேள்வி மார்ச் மாதத்திலிருந்தே தலைகாட்டிவிடுகிறது. மே 4-ம் தேதி அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும் என்கிற அவசரம் எல்லோருக்கும்.

என் பதில் ஒன்றுதான். மெஷினைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உடம்புக்கு வருஷம் ஒரு செக்கப் செய்கிறோம். வண்டியை சர்வீஸுக்கு விடுகிறோம். மாதா மாதம் நம் பணத்தை விழுங்கும் வீட்டுக்கு மட்டும் ஏன் ஒரு செக்கப் கிடையாது?

இத்தனைக்கும் நம் பகுதிக்கு இது புதிய விஷயம் இல்லை. 2001-ல் வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் கீழ் அனல் மின் நிலையங்கள், உர ஆலைகள், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் போன்ற பெரிய நிறுவனங்கள் எனர்ஜி ஆடிட், அதாவது எரிசக்தி எங்கே வீணாகிறது என்ற தணிக்கை, செய்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட ஆலைகள் இருக்கும் மணலியிலும் அத்திப்பட்டிலும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீடுகளில் இது தெரிந்திருக்கும். நீராவிக் குழாயில் கசிவு எங்கே, எந்த மோட்டார் வீணாக ஓடுகிறது என்று ஷிஃப்டில் தேடித் தேடி அடைத்துவிட்டு வருகிற அதே ஆட்கள்தான், வீட்டில் கதவடியில் விரல் கனத்துக்கு இடைவெளி இருக்கும் அறையில் ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள்.

டொரொண்டோவில் இருக்கும் நம் உறவுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பனிக்காலத்துக்கு முன் ஜன்னல் விளிம்பு, கதவு விளிம்பு எல்லாவற்றையும் அடைப்பது அவர்களுக்கு ஒரு பெரிய வேலை. இல்லாவிட்டால் குளிர்காற்று புகுந்து ஹீட்டர் செலவு எகிறிவிடும். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் வீடுகளில் இந்த அடைப்பு வேலையைச் செய்து தர 1976 முதல் அரசுத் திட்டமே இருக்கிறது. அங்கே குளிர் உள்ளே வரக் கூடாது. இங்கே நாம் காசு கொடுத்து உண்டாக்கிய குளிர் வெளியே போகக் கூடாது. திசைதான் வேறு, ஓட்டை ஒன்றுதான்.

அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஏற்கெனவே ஏ.சி. இருந்தால் ராத்திரி அதைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, திரைச்சீலையில் படாமல், கதவடியில் பிடித்துப் பாருங்கள். புகை நேராக மேலே போனால் நல்லது. சாய்ந்து வெளியே ஓடினால் உங்கள் பணம் அந்த வழியாகத்தான் போகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் கீழ்ப்பக்கம் வழிந்து வெளியேறும். அதே அளவு சூடான காற்று மேல்பக்க இடுக்கு வழியாக உள்ளே வரும். அதனால் கதவின் மேல் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள்.

பிறகு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலின் இரண்டு கதவுகளும் சேரும் இடம். ஏ.சி. பைப் போகச் சுவரில் போட்ட ஓட்டை. வலை மட்டும் அடித்த பழைய வென்டிலேட்டர். அறையோடு சேர்ந்த பாத்ரூமின் கதவு. பெரும்பாலான வீடுகளில் பெரிய திருடன் இந்தப் பாத்ரூம் கதவுதான். அது திறந்தே கிடக்கும், உள்ளே கண்ணாடிப் பட்டை ஜன்னலும் திறந்தே கிடக்கும்.

நமக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு, ஈரம். கடலோரக் காற்றில் இருக்கும் ஈரத்தையும் ஏ.சி. பிழிந்து எடுத்தாக வேண்டும். வெளியே டியூபில் சொட்டுகிற தண்ணீர் முழுக்க அப்படிப் பிழிந்ததுதான். இடுக்கு வழியாகப் புது ஈரம் வந்துகொண்டே இருந்தால் மெஷின் ஓயவே ஓயாது. கதவடிக்கு ஒட்டும் ரப்பர் பட்டை, ஜன்னலுக்கு ஃபோம் டேப், பைப் ஓட்டைக்குக் கொஞ்சம் எம்-சீல். ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். மணலிப் பக்கமிருந்து நெடி அடிக்கும் ராத்திரிகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிறவர்களுக்கு இந்த அடைப்பு இன்னொரு வகையிலும் உதவும்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்போடு சொல்ல வேண்டும். சமையலறையை அடைக்காதீர்கள். கேஸ் அடுப்பு எரியும் இடத்துக்குக் காற்றோட்டம் வேண்டும். பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் அங்கே ஒரு இடுக்கையும் தொடக் கூடாது. அடைத்த பாத்ரூமில் விஷவாயு சேர்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. அதோடு, சின்ன அறையில் நாலைந்து பேர் படுப்பதாக இருந்தால் இடையில் ஒருமுறை எழுந்து ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள். கடற்காற்று ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் தொட்டுவிட்டு நம் பக்கம் வருகிற சாயங்கால நேரத்தில் கிழக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். அது இலவசம்.

சரி, இடுக்கையெல்லாம் அடைத்தாகிவிட்டது. அப்படியும் அறை குளிரவில்லையா? அண்ணாந்து பாருங்கள்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கும் சீலிங்கிலிருந்து அனல் இறங்கும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட், சூரியன் போன பிறகுதான் அதை உள்ளே விடத் தொடங்கும். ராயபுரத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு கூரை இருக்கும். மர உத்திரங்கள் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். அந்தக் கனம்தான் பாதுகாப்பு. நாமோ நாலைந்து அங்குல கான்கிரீட்டுக்குக் கீழே படுத்திருக்கிறோம். மேலே வெயிலைத் தடுக்கும் சுருக்கிப் பூச்சு போடுவதைக்கூடப் பல இடங்களில் செலவென்று விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு எளிய மருந்து வெள்ளை. மொட்டை மாடியைக் கழுவிக் காயவிட்டு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட் அடியுங்கள். வசதி குறைவென்றால் சுண்ணாம்பு போதும், ஆனால் வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருக்கும். அறைச் சூடு சில டிகிரி குறையும். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. நம் மாநிலம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அறிவிப்பு கோட்டையிலிருந்து வரும். மொட்டை மாடிக்கு பிரஷ்ஷோடு ஏற வேண்டியது நாம்தான்.

ஷீட் போட்ட வீட்டில் இருக்கிறவர்களுக்கும் வெள்ளை பலன் தரும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் சுரண்டவோ துளைக்கவோ வேண்டாம், தூசி நுரையீரலுக்கு ஆகாது. தெர்மோகோலை அடியில் ஒட்டுவதும் வேண்டாம். ஒரு பொறி பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஈ.பி. கணக்குக்கு வருவோம். ஒன்றரை டன் ஏ.சி. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால், மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் 480 யூனிட். ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் அதற்கு மேல். இரண்டு மாத பில்லில் 500 என்கிற எண் முக்கியம். அதைத் தாண்டினால் ஆரம்ப யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அதன் பிறகு 2024-ல் விலை ஏறியபோதும் இந்தப் படி அப்படியேதான் இருந்தது. அதனால் பத்து யூனிட், இருபது யூனிட் மிச்சம் என்றாலும் அலட்சியம் வேண்டாம்.

அந்த இருபது யூனிட் எங்கே கிடைக்கும்? டி.வி.யை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் செட்-டாப் பாக்ஸ் ராத்திரி பகலாகத் தின்றுகொண்டே இருக்கும். பத்து வாட் என்றாலும் இரண்டு மாதத்தில் 14 யூனிட். பழைய 75 வாட் ஃபேன் தினம் 15 மணி நேரம் சுற்றினால் 67 யூனிட் போகும். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 30 யூனிட்டுக்குள் முடியும். ஃபிளஷ் டேங்க் ஒழுகினால் தண்ணீர்ப் பிரச்னை என்று மட்டும் நினைக்கிறோம். ஒழுகிய தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவது மோட்டார்தானே? ஏ.சி.யை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 18-ல் வைத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொள்வதில் யாருக்கு என்ன லாபம்?

வட சென்னைக்காரர்களாகிய நமக்கு இதில் பில்லுக்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-லிருந்து ஓடி 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையமும், பக்கத்தில் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் இன்றும் ஓடுகின்றன. ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் கரி எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, இறால் பிடிக்கும் குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்தது. நாம் வீணாக்காத ஒவ்வொரு யூனிட்டும் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் ஆறுதல்தான்.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடங்களில் அரசு தரும் இலவச யூனிட்டுகள்கூட அவர்கள் கைக்கு வருவதில்லை. கூரையில் கை வைக்கும் உரிமையும் இல்லை. வீட்டுக்காரர்களே, வாடகையை ஏற்றும் வருஷத்திலாவது மாடிக்கு ஒரு கோட் வெள்ளை அடித்துக் கொடுங்கள். கட்டடத்துக்கும் அது ஆயுள்தான். வாடகைக்கு இருப்பவர்கள் கழற்றி எடுத்துப் போகக்கூடிய டேப், கதவடி ரப்பர், வெயில் அடிக்கும் மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டி, இவற்றோடு தொடங்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அதன் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் எங்கோ கசிகிறது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் மீட்டரில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் வழக்கம்போல இருங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி எண்ணைக் குறித்து, இடுக்குகளை அடைத்துவிட்டு, இன்னொரு வாரம் கழித்துப் பாருங்கள். இரண்டு வாரக் கணக்கையும், எந்த இடுக்கில் புகை அதிகம் சாய்ந்தது என்பதையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். சித்திரை இதழில் ஒரு பக்கம் உங்கள் கடிதங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்