நாணயமா, கட்டித் தங்கமா?

உத்தியோகத்தினின்று விலகும் காலத்தில் கைக்கு வரும் தொகையை எவ்விதம் வைத்துக் காப்பாற்றுவது என்னும் பிரச்னையை மத்திய வகுப்புக் குடும்பங்கள் எல்லாம் ஒரு நாள் எதிர்கொண்டே தீரவேண்டும். அதில் ஒரு பகுதியைத் தங்கத்தில் போடுவதென்று தீர்மானித்தவர்களுக்கு இப்போது இரண்டு வழிகள் காட்டப்படுகின்றன. சுத்தத் தங்கத்தைக் கட்டியாக வாங்கி வைப்பது ஒன்று. பழமையும் அருமையும் பொருந்திய நாணயங்களைச் சேகரிப்பது மற்றொன்று. பின்னதே பன்மடங்கு லாபம் தருமென்று பலமான பிரசாரம் நடந்து வருகிறது. முதுமைக்கென்று ஒதுக்கும் முதலைப் பொறுத்தமட்டில் இப்பிரசாரத்தை நாம் ஏற்பதற்கில்லை. அதற்குரிய காரணங்களை நேயர்கள் முன் வைக்கிறோம்.

தமிழ்நாட்டில் தங்கத்தைப் பவுன் கணக்கில் எண்ணும் வழக்கமே ஒரு நாணயத்திலிருந்து வந்ததாகும். 1817-ல் இங்கிலாந்தில் புதிய உருவில் வெளிவந்த சவரன் 7.988 கிராம் எடையும் 22 காரட் மாற்றும் உடையது. அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். 1899-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் அது இந்தியாவில் 15 ரூபாய் மதிப்புக்குச் செல்லுபடியாயிற்று. 1918-ல் பம்பாயிலேயே அச்சிடப்பட்டது. அதில் எந்த அரசருடைய தலை இருக்கிறதென்று நமது பாட்டனார்கள் கவலைப்படவில்லை. எடையும் மாற்றும் பிசகாது என்னும் ஒரே நம்பிக்கையால் வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். நாளடைவில் நாணயம் புழக்கத்தை விட்டு மறைந்தது. எட்டு கிராம் நிறைக்கு அதன் பெயர் மட்டும் நின்றது. நாணயத்தையும் கட்டித் தங்கமாகவே பாவித்தவர்கள் நம்மவர்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

சேகரிப்போர் தேடும் நாணயத்தின் சங்கதி வேறு. அதன் விலை உலோகத்தில் இல்லை. அருமையிலும், தேயாத நிலையிலும், வாங்குவோரின் ஆசையிலும் இருக்கிறது. அமெரிக்காவில் 1933-ல் அடிக்கப்பட்ட இருபது டாலர் தங்க நாணயங்கள் அநேகமாக எல்லாம் சர்க்காரால் உருக்கப்பட்டுவிட்டன. தப்பியவற்றுள் ஒன்று 2002-ல் ஏலத்தில் 75 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அதே நாணயம் 2021-ல் சுமார் 189 லட்சம் டாலருக்கு விற்றது. அதிலுள்ள சுத்தத் தங்கமோ சுமார் 30 கிராம். அந்த வருஷத்து விலையில் இரண்டாயிரம் டாலருக்கும் குறைவு. மிகுதியெல்லாம் ஆசையின் கிரயம். இத்தகைய ஒரு நாணயத்தைச் சுட்டிக்காட்டி ஆயிரம் சாதாரண நாணயங்களை விற்பது வியாபாரிகளின் தந்திரம்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு வியாபாரி நூறு ரூபாய்க்கு விற்ற நாணயத்தைத் திரும்ப எழுபது ரூபாய்க்கே எடுத்துக்கொள்வாரென்று வைத்துக்கொள்வோம். போட்ட முதல் கைக்கு வருவதற்கே அதன் விலை நூற்றுக்கு 43 வீதம் ஏறியாகவேண்டும். வருஷந்தோறும் ஆறு வீதம் ஏறினாலும் அதற்கு ஆறு வருஷங்களுக்கு மேலாகும். அறுபது வயதில் வாங்கியவர் அறுபத்தாறு வயதில் லாபமின்றி, நஷ்டமின்றி நிற்பார். கட்டித் தங்கத்திலோ, வாங்கும்போது செலுத்தும் 3 சதவிகித வரியையும் கடைக்காரரின் சிறு கழிவையும் தவிர வேறு இழப்பில்லை. எடை தராசிலும் மாற்று உரைகல்லிலும் தெரிந்துவிடுகிறது. நாணயத்தின் நிலையை அளக்கவோ தராசு கிடையாது. அமெரிக்காவில் இதற்கென்றே 1986, 1987-ஆம் வருஷங்களில் கம்பெனிகள் தோன்றி, ஒன்று முதல் எழுபது வரை மதிப்பெண் இட்டுத் தரம் பிரித்தன. அவ்வளவு செய்தும் 1989-ல் உச்சிக்குச் சென்ற நாணயச் சந்தை பின்னர் விழுந்ததைத் தடுக்க முடியவில்லை.

சட்ட விஷயத்தையும் கவனிக்கவேண்டும். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத நாணயம் தொல்பொருளாகும். அதைத் தனிப்பட்டவர் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. அதில் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். 1918-ல் பம்பாயில் அடித்த சவரனும் இப்போது இந்த வரம்புக்குள் வந்துவிட்டது. ஆகவே லண்டனிலும் நியூயார்க்கிலும் நடந்த ஏலங்களின் விலையைச் சொல்லி இங்கே ஆசை காட்டுவது, நம்மால் கடக்க முடியாத ஆற்றின் அக்கரையிலுள்ள பச்சையைக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

நாணயப் பக்ஷத்தார் சொல்லும் வாதம் ஒன்று கனமானதுதான். 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஜனங்களிடமிருந்த தங்கத்தை ஒப்படைக்கும்படி உத்தரவிட்டபோது, அரிய நாணயங்களுக்கு விலக்குக் கொடுத்தார். நமது நாட்டிலும் 1963-ல் வந்த தங்கக் கட்டுப்பாடு, 1968-ல் தனிச் சட்டமாகி 1990 வரை நீடித்தது; அக்காலத்தில் கட்டித் தங்கம் வைத்திருப்பது குற்றம். இந்த அபாயம் மீண்டும் வராதென்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் விலக்கைக் கொடுத்ததும் சர்க்காரே. கொடுத்த கை எடுக்கவும் வல்லது. நம் நாட்டில் பழைய நாணயத்தின் மீது ஏற்கெனவே கட்டு இருக்கிறது. கட்டித் தங்கத்தின் மீதிருந்த கட்டு 1990-ல் நீங்கிவிட்டது.

எல்லாவற்றிலும் முக்கியமான காரணத்தை இனிச் சொல்லுகிறோம். முதுமைக்கான சேமிப்பைச் சேமித்தவரே விற்றுச் சாப்பிடுவாரென்பது நிச்சயமில்லை. நோய்ப்படுக்கையிலிருக்கும்போது மகன் விற்கக்கூடும். காலத்துக்குப் பின் மனைவி விற்கக்கூடும். நாணயத்தின் மதிப்பு சேகரித்தவருடைய அறிவில் இருக்கிறது. அவரோடு அவ்வறிவும் போய்விடுகிறது. பெட்டியைத் திறக்கும் விதவை, எது அரியது, எது போலி என்று அறியாமல், முதலில் வந்தவர் கேட்ட விலைக்கே கொடுப்பாள். பத்து கிராம் கட்டியை எடுத்துச் சென்றாலோ, அன்றைய விலையைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத் தைரியமாகப் பேசுவாள். குடும்பத்தின் ஆதாரமான பொருள், குடும்பத்தில் எழுத்தறிவு குறைந்தவருக்கும் விளங்குவதாக இருக்கவேண்டும்.

பழைய காசுகளை லட்சக்கணக்கில் வாங்குவதாக விளம்பரம் செய்து, கமிஷன் என்றும் வரி என்றும் முன்பணம் பறிக்கும் மோசடிகள் பெருகி, 2021-ல் ரிஸர்வ் வங்கியே ஜனங்களை எச்சரிக்க நேர்ந்தது. இந்த வலையில் வயோதிகர்கள் சிக்காதபடி வீட்டிலுள்ள இளைஞர்கள் காக்கவேண்டும்.

கட்டித் தங்கமே சர்வரோக நிவாரணி என்று நாம் கூறவில்லை. அது வட்டி ஈனாது. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், 1999-ல் 250 டாலர் வரை இறங்கிற்று. அந்த உச்சியில் ஓய்வுப் பணம் முழுவதையும் போட்டவருடைய முதுமை என்னவாகியிருக்கும்! மாதச் செலவுக்குப் பென்ஷனும், தபாலாபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்பும் போன்ற வட்டி வரும் வழிகளே அஸ்திவாரம். தங்கம் ஆபத்துக்கு உதவும் சிறு பகுதியாகவே இருக்கட்டும். அதையும் 999 அல்லது 995 என்னும் ஹால்மார்க் முத்திரை உள்ளதாக, ரசீதுடன் வாங்குக. பாங்குகள் தாங்கள் விற்ற தங்கக் காசைத் திரும்ப வாங்குவதில்லை என்பதை நினைவில் வைத்து, திரும்ப எடுத்துக்கொள்ளும் கடையிலேயே வாங்குக. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவிகிதம் வரி உண்டு. வாங்கிய ரசீது அப்போதும் உதவும்.

நாணயம் சேகரிப்பது உயர்ந்த கலை. பாண்டியர் காசையும் நாயக்கர் காசையும் தேடிக் காத்த தனி மனிதர்களுக்குத் தமிழ்நாட்டுச் சரித்திரம் கடன்பட்டிருக்கிறது. உபரியாக உள்ள பணத்தில், கற்றறிந்து, ஆசையோடு செய்யட்டும். ஆனால் அடுப்பெரிய வைத்திருக்கும் விறகைக் கொண்டு சிற்பம் செதுக்குவது விவேகமல்ல. முதுமையின் முதல் நிறுத்தால் நிற்கவேண்டும். கேட்டால் விலை சொல்லவேண்டும். அதற்குக் கட்டித் தங்கமே ஏற்றது என்பது நமது திடமான அபிப்பிராயம்.