தண்ணீர் இயந்திரத்தின் சாவி யாரிடம்?

கொடைக்கானல் மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் இளநீர் குடிக்க இயந்திரம் வேண்டியதில்லை. அரிவாள் போதும். வழுக்கையா, தண்ணியா என்று கேட்டுவிட்டு, தட்டிப் பார்த்தே காயைத் தேர்ந்தெடுத்துச் சீவித் தருகிற கைகள் உள்ள ஊர் அது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு ஜப்பானின் தானியங்கி விற்பனை இயந்திரங்களைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகத்தான் இருக்கும். இருந்தாலும், தாண்டிக்குடி மலைக்குப் போகிற வண்டிகளில் எத்தனை பேர் இளநீர் குடிக்கிறார்கள், எத்தனை பேர் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரோடு ஏறுகிறார்கள் என்று சற்று நின்று பார்த்தால் பேச்சுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கொடைக்கானல் பகுதியில் 2024-இல் தடை வந்தது. மீறிக் கொண்டுபோனால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. மாற்று ஏற்பாடாக வைக்கப்பட்டவைதான் ‘வாட்டர் ஏடிஎம்’ என்று நாம் அழைக்கும் பெட்டிகள். காசு போட்டால் குழாயில் தண்ணீர் வரும்; பாத்திரம் நம்முடையது. நல்ல யோசனை, பெட்டி வேலை செய்கிற வரையில். ஒரு சுற்றுலாத் தலத்தில் நான் போட்ட ஐந்து ரூபாயை ஒரு பெட்டி விழுங்கிவிட்டு விளக்கை மட்டும் சிமிட்டியது. யாரிடம் கேட்பது என்று சுற்றிலும் பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார், தண்ணீர் பாட்டில் இருக்கிறது என்றார்.

அந்தச் சிரிப்பில்தான் ஜப்பானுக்கும் நமக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

ஜப்பானில் ஏறக்குறைய 40 லட்சம் விற்பனை இயந்திரங்கள் இருக்கின்றன. பாதிக்கும் மேல் பானங்களுக்கானவை. ஒரே பெட்டியில் ஒரு வரிசை குளிர்ந்த தேநீர், மறு வரிசை சூடான காப்பி. குளிர்விக்கும்போது வெளியேறும் வெப்பத்தையே எடுத்து மறு வரிசையைச் சூடாக்கும் நுட்பமும் உண்டு. கோடைப் பிற்பகலில் மின்தேவை உச்சத்துக்குப் போகும் என்பதால், காலையிலேயே ஆழக் குளிர்வித்துக்கொண்டு பிற்பகலில் ஓய்வெடுக்கும் பெட்டிகள் இருக்கின்றன. எந்தச் சரக்கு தீர்ந்தது என்பதைத் தூரத்து அலுவலகத்துக்குத் தானாகத் தெரிவிக்கும் பெட்டிகளும் இருக்கின்றன. நிலநடுக்கம் வந்தால் காசு வாங்காமல் பானத்தைக் கொடுக்கும் பெட்டிகளும் உண்டு.

இதையெல்லாம் நம் ஊடகங்கள் வாய்பிளந்து காட்டுகின்றன. கூடவே நடக்கிற இன்னொன்றைக் காட்டுவதில்லை: அந்தப் பெட்டிகளைத் தேடி ஒருவர் லாரியில் வருகிறார். சரக்கை அடுக்குகிறார், காசை எடுக்கிறார், முகப்பைத் துடைக்கிறார். பெட்டிக்குப் பக்கத்திலேயே காலி பாட்டில் போட ஒரு தொட்டி இருக்கும். அதையும் அவரே காலி செய்துகொண்டு போகிறார். தானியங்கி என்று பெயர்தான், அது ஓடுவது இவரால். 2000-இல் 56 லட்சமாக இருந்த எண்ணிக்கை இன்று இவ்வளவு குறைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காததும் ஒன்று. ஆள் இல்லாமல் விற்பதற்காகப் பிறந்த இயந்திரம் ஆள் இல்லாமல் குறைந்துகொண்டிருக்கிறது.

காசு போட்டால் தண்ணீர் தருகிற ஏற்பாடு இரண்டாயிரம் ஆண்டுப் பழசு. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஹீரோன் அதை எழுதிவைத்தார். கோயில் வாசலில் ஒரு குடம். உள்ளே ஒரு தட்டு. நாணயம் விழுந்ததும் அதன் எடையில் தட்டு சாயும், அடைப்பு திறக்கும், புனித நீர் கொஞ்சம் கொட்டும். நாணயம் வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். அந்தக் குடத்தையும் தினம் யாரோ நிரப்பியிருப்பார்கள்.

நாணயம் என்றதும் நம்மூர்க் கூத்து ஒன்று. ஜப்பான் 1967-இல் வெள்ளியிலான 100 யென் நாணயத்தை விட்டு, செம்பும் நிக்கலும் கலந்த நாணயத்துக்கு மாறியது. அது தாராளமாகப் புழங்கத் தொடங்கிய பிறகுதான் இயந்திரங்களும் பெருகின. இங்கேயோ 10 ரூபாய் நாணயத்தைப் பல கடைகளில் வாங்கமாட்டார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிவித்தும் வதந்தி ஓயவில்லை. 2022-இல் கோயம்பேட்டில் வைத்த, மஞ்சள் துணிப்பை தரும் ‘மஞ்சப்பை’ இயந்திரம் 10 ரூபாய் நாணயத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. மனிதரைவிட இயந்திரம் ரிசர்வ் வங்கியை நம்பிய அபூர்வத் தருணம்! கைபேசியில் பணம் செலுத்தலாமே என்பார்கள். மலைவளைவில் சிக்னல் கிடைக்காமல் நின்றவர்களுக்குத் தெரியும் அந்த யோசனையின் அருமை.

சரி, அய்யம்பாளையத்துக்கு இதில் என்ன? கீழ்ப்பழனி மலையில் ஊறும் ஓடைகள் மருதாநதியாகச் சேர்ந்து இந்த ஊருக்கு அருகில்தான் அணையில் தேங்குகின்றன. மேலே ஓடையோரம் எறிந்த பாட்டில் ஒரு நல்ல மழையில் கீழே வந்துவிடும். தடை மலைக்கு மட்டும், குப்பை அடிவாரத்துக்கும். பாட்டில் வாங்கப்படுவதும் பெரும்பாலும் கீழேதான். சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வதைவிட, அந்தப் பாட்டிலை வாங்கும் தேவையே எழாமல் அடிவாரத்தில் தண்ணீர் கொடுப்பது எளிது. நம் திட்டங்களோ பெரும்பாலும் தடை தொடங்கும் இடத்துக்கு மேலேதான் பெட்டிகளை வைக்கின்றன. வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, சித்தரேவு, அய்யம்பாளையம் என்று மலைக்குப் போகும் வழியூர்களில் அவை இருக்க வேண்டும்.

உயர் தொழில்நுட்பப் பெட்டிகளை நான் கேட்கவில்லை. தொடுதிரையும் வேண்டாம், பேசும் குரலும் வேண்டாம். சுத்திகரித்த தண்ணீர், வடிகட்டி மாற்றிய தேதி எழுதிய பலகை, எல்லா நாணயத்தையும் வாங்கும் துளை, இவை போதும். அதைவிட முக்கியம், அந்தந்த ஊர் மகளிர் குழு ஒன்றிடம் சாவியைக் கொடுத்து, விற்ற தண்ணீரில் பங்கும் கொடுப்பது. பெட்டி நின்றால் வருமானம் நிற்கிறது என்று ஒருவருக்காவது இருந்தால்தான் அது ஓடும். பெட்டிக்கடைக்காரர் விடியற்காலையில் கடையைத் திறப்பதும் அதனால்தானே? ஒப்பந்தக்காரர் பெட்டியை இறக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அடுத்த கோடையில் அதன்மேல் சுவரொட்டிதான் இருக்கும்.

பேரூராட்சியும் மாவட்ட நிர்வாகமும் அடுத்த சீசனுக்குள் இதைச் செய்து பார்க்கட்டும். அதுவரை தாண்டிக்குடி, பண்ணைக்காடு போகிறவர்கள் வீட்டிலிருந்தே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து வாருங்கள். மறந்துவிட்டால் அய்யம்பாளையத்தில் வண்டியை நிறுத்தி ஓர் இளநீர் குடியுங்கள். குடித்து முடித்த கூட்டைக் கடைக்காரரே வாங்கிக்கொள்வார்.