நொக் அவுட் இருக்கு, சீசன் எங்கே?

கடைசி விசில் அடிச்சப்ப எங்க கால்ல சேறுகூட சரியா ஒட்டியிருக்கல.

வலய மட்ட உதைபந்தாட்டப் போட்டி. ஒரு பாதிக்கு இருபது நிமிஷம். ஒரு கோல் வாங்கினோம், திருப்பிப் போட முடியல. விடியக்காலையில லயத்தை விட்டுக் கிளம்பினவங்க, பத்தரை மணிக்கெல்லாம் மீன் பணிஸைச் சாப்பிட்டுக்கிட்டு அடுத்த டீம் ஆடுறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வருஷம் முழுக்க எங்க பள்ளிக்கூடம் ஆடின மெட்ச் அது ஒண்ணுதான். பத்து மாசப் பயிற்சிக்கு நாற்பது நிமிஷ ஆட்டம்.

அடுத்த தவணை தொடங்கின கிழமையே எங்க சேருக்கு இடமாற்றம் வந்தது. அவரைக் குறை சொல்லவே மாட்டேன். வெளி மாவட்டத்துக்காரர், வீட்டில் வயசான அம்மா, வாடகை அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு எங்களுக்குப் பந்து பழக்கியவர். போகிற அன்று விளையாட்டுச் சாமான் அறையின் சாவியை அதிபரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு நான் அங்கே படித்த காலத்தில் அந்த அறையை யாரும் பயிற்சிக்காகத் திறக்கவில்லை. எங்க கோல்கீப்பர் அடுத்த மாசமே படிப்பை விட்டுட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். "இனி எதுக்குடா ஸ்கூலுக்கு வரணும்?" என்று அவன் கேட்டதுக்கு எங்க யாரிடமும் பதில் இருக்கல.

இந்தக் கதை எங்க பள்ளிக்கூடத்துக்கு மட்டும் உரியது இல்லை என்று எனக்குத் தெரியும். இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு இதே மாதிரி ஒரு சேரும் ஒரு சாவியும் ஞாபகம் வரும்.

இதை இப்போது எழுத வைத்தது, சம்பந்தமே இல்லாத ஒரு செய்தி. அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்போல் என்று ஒன்று இருக்கிறது. நம்ம ஃபுட்போல் இல்லை. முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மட், ஆடுவது பல்கலைக்கழக மாணவர்கள். 2025 நவம்பர் கடைசியில் அங்கே ஒரு பெரிய கலவரம். மிசிசிப்பிப் பல்கலைக்கழக அணி பதினொரு மெட்ச் வென்று, ஒன்றில் மட்டும் தோற்று, தேசியக் கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுக்குள் நுழையப் போகிற நேரம். அதன் தலைமைப் பயிற்றுவிப்பாளர் லேன் கிஃபின் அணியை விட்டுவிட்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அதுவும் அதே லீக்கில் ஆடுகிற, பரம்பரைப் போட்டி அணிக்கு! ரசிகர்கள் கொதித்தார்கள், திட்டினார்கள்.

ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. அணி உடையவில்லை. உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்த பீட் கோல்டிங் உடனே பொறுப்பெடுத்தார். பயிற்சி தொடர்ந்தது. அணி கடைசிச் சுற்றிலும் ஆடியது.

நம்ம ஊரில் ஒரு சேர் மாறிப்போனால் ஒரு விளையாட்டே மாறிப்போகிறது. அங்கே ஒரு கோச் போனால் ஒரு ஆள்தான் போகிறார். ஏன்?

காசு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போக முடியும். அது பொய்யும் இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அரச சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ஆளுநர் இல்லை, பல்கலைக்கழகக் கோச். அந்தப் பைத்தியக்காரத்தனம் நமக்கு வேண்டாம். ஆனால் காசுக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு பெரிய அணிக்கும் வருஷத்துக்குப் பன்னிரண்டு மெட்ச் நிச்சயம். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை மெட்ச் உண்டு. அதெல்லாம் முடிந்த பிறகுதான் நொக் அவுட். 2024இலிருந்து அதற்குப் போவது பன்னிரண்டு அணிகள். முதலில் சீசன், பிறகு பிளே ஓஃப்.

நம்மிடம் பிளே ஓஃப் மட்டும்தான் இருக்கு. சீசனே இல்லை.

கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று பாடசாலைப் போட்டிகள் படிப்படியாக ஏறுகின்றன. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பெரும்பாலும் ஒரு நாளில், ஒரு மைதானத்தில், நொக் அவுட்டாக முடிக்க வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறு அணி வந்தால் மொத்தம் பதினைந்து மெட்ச். எட்டு அணிகள் ஒரே மெட்ச்சோடு வீட்டுக்கு. இன்னும் நாலு அணி இரண்டு மெட்ச்சோடு. அதிகமாக ஆடுவது இறுதிப் போட்டிக்கு வருகிற இரண்டு அணிகள், அதாவது ஏற்கெனவே நன்றாக ஆடத் தெரிந்தவர்கள். யாருக்கு மெட்ச் அனுபவம் ரொம்பத் தேவையோ அவங்களுக்கு அது கிடைக்காமல் பண்ணுகிற முறைதான் நொக் அவுட்.

தோட்டங்களில் நடக்கிற போட்டிகளும் இதே கதைதான். தைப்பொங்கல், சித்திரை வருஷப்பிறப்பு, தீபாவளி என்று கொழும்பில் இருக்கிற பையன்கள் ஊருக்கு வருகிற நாட்களில் நடக்கிற அணிக்கு ஏழு பேர் போட்டிகளைச் சொல்கிறேன். மேல்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் நடக்கிற மெட்ச்சில் இருக்கிற சூடு எந்த டிவி மெட்ச்சிலும் இல்லை. அம்மாமார் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேட்டில் நின்று கத்துவார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் கிண்ணம் ஒரு டிவிஷனுக்கு, பிரச்சினை இன்னொரு டிவிஷனுக்கு. மறுநாள் எல்லாரும் கொழும்பு பஸ்ஸில்.

"நம்ம பசங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆர்வம் நிறைய இருக்கு. அந்த ஆர்வத்துக்கு ஒரு கலண்டர் இல்லை.

கலண்டர் என்ன பண்ணும் என்று பார்க்க அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. யாழ்ப்பாணம் போனால் போதும். யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடுகிற 'வடக்கின் பெரும்போர்' 1904இல் தொடங்கியது. கொழும்பில் றோயலும் சென் தோமஸும் ஆடுவது 1879இலிருந்து. கண்டியின் டிரினிட்டியும் றோயலும் பிரட்பி கேடயத்துக்காக 1945இலிருந்து றக்பி ஆடுகின்றன. அந்த வருஷம் அணி எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த மெட்ச் நடக்கும். சீசன் முழுக்கத் தோற்ற அணிகூட அந்த ஒன்றை வென்றால் தலை நிமிர்ந்து நடக்கும்.

இதன் மறுபக்கமும் உண்மை. 2024 நவம்பர் 30இல் ஒஹாயோ மாநில அணி, 1897இலிருந்து மோதிவருகிற மிச்சிகனிடம் சொந்த மைதானத்தில் 13க்கு 10 என்று தோற்றது. அதற்குப் பிறகு அதே அணி 2025 ஜனவரியில் தேசியக் கிண்ணத்தையே வென்றது. ஆனாலும் மிச்சிகனிடம் தோற்ற காயம் ஆறவில்லை என்று சொல்கிற ரசிகர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரனை வெல்வது என்பது தனிக் கிண்ணம்!

இப்படி ஒரு திகதி இருந்தால் கோச் விஷயமும் மாறும். மெட்ச் இருக்கிறது என்றால் யாராவது ஒருவர் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். சேர் மாறினால் அதிபருக்கு நெருக்கடி வரும். பழைய மாணவர்கள் "மெட்ச் என்னாச்சு?" என்று போன் எடுப்பார்கள். மெட்ச் இல்லாத பள்ளிக்கூடத்தில் கோச் இல்லாதது யார் கண்ணுக்கும் தெரியாது.

முரளியைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய 1920இல் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன், 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார். ஆனால் அந்தக் கதையின் நடுவில் இருக்கிற ஒரு ஆளை நாம் மறந்துவிடுகிறோம். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயசுப் பையனைப் பார்த்து, "நீ சுழற்பந்து போட்டுப் பார்" என்று திருப்பிவிட்டவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்த அறிவுரை முக்கியம்தான். என் கருத்தில் அதைவிட முக்கியம், அதைச் சோதித்துப் பார்க்க அந்தப் பையனுக்கு வரிசையாக மெட்ச்கள் இருந்தது. இன்றைக்கு விக்கெட் விழாவிட்டால் அடுத்த கிழமை முயற்சி செய்யலாம். வருஷத்துக்கு ஒரே மெட்ச் ஆடுகிற பள்ளிக்கூடத்தில் எந்தக் கோச்சும் ஒரு பையனைப் பார்த்து "மாத்திப் பார்" என்று சொல்லத் துணிய மாட்டார்.

அப்போ என்ன செய்யலாம்? அமைச்சு, சம்மேளனம் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே 2023 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை ஃபிஃபா தடைசெய்து வைத்திருந்தது. மேலே இருந்து சரியாகி வரட்டும் என்றால் நம்ம தம்பிமார்களுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

ஹட்டனில் இருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்கு வருகிற ரோட்டை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து ஒன்று மஸ்கெலியாவுக்கும் இன்னொன்று பொகவந்தலாவைக்கும் பிரிகிறது. இந்த ரோட்டில் நாலு பள்ளிக்கூடம் சேர்ந்தால் போதும். ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் சொந்த மைதானத்தில் ஒன்று, அவர்கள் மைதானத்தில் ஒன்று. ஆளுக்கு ஆறு மெட்ச், மொத்தம் பன்னிரண்டு. தென்மேல் பருவமழை நம்மை நனைத்துக் கொட்டுவது மே மாசத்துக்குப் பிறகு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மைதானம் காய்ந்து கிடக்கும். சனிக்கிழமைகள் இருக்கின்றன. கடைசிச் சனிக்கிழமைக்குப் பரம வைரிகளின் மெட்ச்சை வைத்துக்கொள்ளலாம். அந்தத் திகதி மட்டும் எந்த வருஷமும் மாறக் கூடாது.

அதோடு ஒவ்வொரு சேருக்கும் பக்கத்தில் ஒரு உதவியாளர். பள்ளிக்கூடத்தை விட்டுப் போய் ஊரிலேயே இருக்கிற பழைய ஆட்டக்காரர்களில் ஒருவர். அண்ணன் ஒருத்தர், முடிந்தால் அக்கா ஒருத்தர். ஏனென்றால் பொம்பளப் பிள்ளைகளுக்கு நம்ம பக்கம் பல இடத்தில் அந்த நாற்பது நிமிஷம்கூடக் கிடையாது. சேர் மாறிப்போனாலும் சாவி உள்ளூரில் இருக்கும்.

மறுப்புகள் தெரியும். "சண்டை வரும்." வரலாம். பிக் மெட்ச் என்ற பெயரில் குடித்துவிட்டு ஆடுவதும் ரோட்டை மறித்துக் காசு கேட்பதும் நமக்கு வேண்டவே வேண்டாம். மெட்ச்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். "படிப்பு கெட்டுடும்." எங்க கோல்கீப்பரின் படிப்பு பந்தால் கெடவில்லை, பந்து நின்றதால்தான் நின்றது. "காசு?" பந்து, கோடு போடச் சுண்ணாம்பு, பஸ் காசு. பூட்ஸ்தான் பெரிய செலவு. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆன பிறகும், ஒரு சோடி பூட்ஸ் என்றால் அம்மாவின் பல நாள் பேர் அதில் போய்விடும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பழைய மாணவர்கள் கிண்ணத்துக்குப் பெயர் போடுவதை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மைதானமா? நோர்வூட் மைதானத்தில் 2017 மே மாசம் இந்தியப் பிரதமர் வந்து பேசியதை ஆயிரக்கணக்கானோர் போய்க் கேட்டோம். மேடை போட இடம் கிடைக்கிற ஊரில் கோல் கம்பம் நட இடம் கிடைக்காதா? தோட்ட மைதானத்துக்கு நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். கடிதம் எழுதுவோம். எல்லாருடைய கையெழுத்தோடும், பன்னிரண்டு திகதிகளையும் போட்டு.

போன தீபாவளிக்கு எங்க கோல்கீப்பரை ஊரில் பார்த்தேன். இடுப்பில் கொஞ்சம் சதை போட்டிருந்தாலும் கை இன்னும் பந்து பிடிக்கிற கைதான். இந்த யோசனையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சாயத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாரோட மச்சான் மொத மெட்ச்?" என்று கேட்டான்.

உங்க பள்ளிக்கூடத்துக்கு எதிரி யார்? பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு சனிக்கிழமையையும் எழுதுங்கள்.