வவுச்சர் எங்கே?

போன மாதம் விடுதி மாணவர் ஒருவர் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வந்தார். முதுகலை முதலாண்டு. வகுப்பில் இடஒதுக்கீடு பற்றி விவாதம் நடந்திருக்கிறது. உடன் படிக்கிற ஒருவர் எழுந்து, “அறிவு 80 சதவீதம் பரம்பரையா வருது. இது நான் சொல்றதில்ல, ஆராய்ச்சி சொல்லுது. ஆய்விதழ்ல வந்திருக்கு, நிபுணருங்க பாத்து ஒத்துக்கிட்டது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நம்ம தோழர் பதில் பேசவில்லை. “திட்டினா திருப்பித் திட்டலாம் தோழர். ஆராய்ச்சின்னு சொல்றான். நான் என்னத்தச் சொல்றது?” என்று எங்களிடம் கேட்டார்.

அந்த மௌனம்தான் என்னை இதை எழுத வைக்கிறது. சாஸ்திரம் சொல்லுது என்றால், எந்தச் சாஸ்திரம், எவன் எழுதினது என்று கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். சயின்ஸ் சொல்லுது என்றால் வாயடைத்துப் போகிறோம்.

நான் வங்கியில் குமாஸ்தா. எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. பதிவு போடுகிறவன் ஒருத்தன், பாஸ் பண்ணுகிறவன் இன்னொருத்தன். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் மோசடிக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. இன்னொரு பாடம்: கணக்கு அளவுக்கு மீறி அழகாக டேலி ஆனால் சந்தேகப்படு. ஆடிட்டர் வந்ததும் முதலில் கேட்பது, “வவுச்சர் எங்கே?”

ஆய்விதழ்களிலும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கிறது. கட்டுரை வந்தால் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் படித்துப் பார்த்து, போடலாம், திருத்தணும், வேண்டாம் என்று சொல்வார்கள். சக ஆய்வாளர் மதிப்பீடு என்று பெயர். அவர்கள் சோதனையைத் திருப்பிச் செய்து பார்ப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பெரும்பாலும் மூலத் தரவைக்கூடப் பார்ப்பதில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறார்கள், அவ்வளவுதான். லெட்ஜரைப் பார்த்து டிக் அடிப்பது மாதிரி. வவுச்சர் அவர்கள் மேசைக்கே வருவதில்லை.

இப்போது அந்த 80 சதவீதத்தின் கதைக்கு வருகிறேன். அதற்கு முட்டுக் கொடுத்த பெரிய தூண்களில் ஒருவர் சிரில் பர்ட். இங்கிலாந்தில், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் உளவியல் பேராசிரியர். 1946-ல் சர் பட்டம் பெற்றவர். பிறந்தவுடன் பிரிந்து வேறு வேறு வீடுகளில் வளர்ந்த ஒரு கரு இரட்டையரைத் தேடிப் பிடித்து அவர்களின் அறிவுத்திறனை அளந்ததாக எழுதினார். இரட்டையர் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஒட்டுறவுக் கெழு என்ற எண்ணால் சொல்வார்கள். முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0.

1955-ல் பர்ட் எழுதியபோது 21 ஜோடிகள். கெழு 0.771. 1958-ல் 30 ஜோடிக்கு மேல். கெழு 0.771. 1966-ல் 53 ஜோடிகள். அப்போதும் 0.771. ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையர்களுக்கும் இப்படித்தான்: 1955-ல் 83 ஜோடிக்கு 0.944, 1966-ல் 95 ஜோடிக்கு அதே 0.944. புதுசாக ஆட்கள் சேரச் சேர மூன்றாவது தசம இடமாவது அசைந்திருக்க வேண்டாமா? என் கிளையில் ஒரு கணக்கில் வரவு செலவு நடந்துகொண்டே இருந்து பாக்கி மட்டும் பைசா மாறாமல் நின்றால் அன்று சாயங்காலம் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம்.

உளவியல் உலகம் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த எண்கள் இதழ்களில் அச்சேறின, பாடநூல்களில் ஏறின. 1969-ல் அமெரிக்காவில் ஆர்தர் ஜென்சன், ஏழை, கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஈடுசெய் கல்வித் திட்டங்கள் பலிக்கவில்லை, அறிவு பெரும்பாலும் பரம்பரை என்று ஹார்வர்டு கல்வி இதழில் வாதாடியபோது பர்ட்டின் எண்களையும் தூக்கிப் பிடித்தார். இங்கிலாந்தில் எங்கோ அச்சான ஒரு தசம எண் கறுப்பினக் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாட்சி சொன்னது.

கேள்வி வெளியிலிருந்துதான் வந்தது. லியோன் கேமின் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துக் கற்றலை ஆராய்ந்தவர். அறிவுத்திறன் துறைக்காரர் அல்ல. பர்ட்டின் கட்டுரைகளைப் படித்தார், எண் அசையாததைப் பார்த்தார், 1974-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார். அதே ஆண்டு ஜென்சனும் இந்த எண்களை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று ஒத்துக்கொண்டார். 1976-ல் ஆலிவர் கில்லி என்ற பத்திரிகையாளர் சண்டே டைம்ஸில், பர்ட்டோடு ஆய்வு செய்ததாகச் சொல்லப்பட்ட ஹோவார்டு, கான்வே என்ற இருவரையும் தேடிக் கிடைக்கவில்லை என்று எழுதினார். 1979-ல் பர்ட் மீது மதிப்போடு அவர் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்த ஹேர்ன்ஷாவே, நாட்குறிப்புகளைப் படித்துவிட்டு, தரவில் ஒரு பகுதி புனைந்தது என்ற முடிவுக்கு வந்தார். பர்ட் 1971-லேயே இறந்துவிட்டார். அவருடைய காகிதங்கள் பெட்டி பெட்டியாக எரிக்கப்பட்டுவிட்டன. வவுச்சர் சாம்பல்.

பர்ட்டுக்கு வக்காலத்து வாங்கியவர்களும் உண்டு. ஹோவார்டு என்ற பெண் உண்மையில் இருந்தார், நடந்தது கவனக்குறைவு, மோசடி அல்ல என்று 1989 முதல் புத்தகங்கள் வந்தன. பிரிட்டிஷ் உளவியல் கழகமும் 1980-ல் எடுத்த நிலையிலிருந்து 1992-ல் பின்வாங்கியது. வேறு இரட்டையர் ஆய்வுகளும் உயர்ந்த எண்களைத் தந்திருக்கின்றனவே என்றும் கேட்கிறார்கள். தரட்டும். தொகை சரியாக இருக்கிறது என்பதற்காகக் கள்ள வவுச்சர் நல்ல வவுச்சர் ஆகிவிடாது. அந்த எண்கள் சரியானவையாகவே இருந்தாலும், வகுப்பில் எழுந்தவர் சொன்னது அவற்றிலிருந்து வராது. ரிச்சர்ட் லெவோன்டின் 1970-லேயே இதை விளக்கினார். பல ரகம் கலந்த ஒரே விதை மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி நல்ல மண்ணிலும், ஒரு கை அள்ளிச் செத்த மண்ணிலும் போடு. ஒவ்வொரு பாத்திக்குள்ளும் செடிக்குச் செடி உள்ள வித்தியாசம் விதையால் வந்தது. இரண்டு பாத்திக்கும் நடுவே உள்ள வித்தியாசம் முழுக்க மண்ணால் வந்தது.

இத்தனை வருஷம் ஏன் யாரும் கேட்கவில்லை? ‘சக’ என்ற சொல்லைப் பாருங்கள். யாருக்கு யார் சக? பர்ட் ஒரு புள்ளியியல் உளவியல் இதழுக்குப் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். அவரும் அதில் எழுதினார், கான்வே பெயரிலும் அதில் கட்டுரைகள் வந்தன. போடுகிறவனும் பாஸ் பண்ணுகிறவனும் ஒரே ஆள். வேறு இதழ்களிலும் யாரும் தடுக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் ஒரே மாதிரிப் பள்ளிகளில் படித்து ஒரே மாதிரி மேசைகளில் உட்கார்ந்தவர்கள். முடிவு அவர்களுக்குப் புதுசாகத் தெரியவில்லை. தங்கள் நாற்காலி தங்கள் ரத்தத்தால் வந்தது என்று யாராவது நிரூபித்தால் தசமப் புள்ளியை எண்ணிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? அந்த எண்ணால் அடிபடுகிற வீட்டுப் பிள்ளை ஒன்று அந்த மேசையில் இருந்திருந்தால் எண்ணிப் பார்த்திருக்கும்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2015-ல், உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து திருப்பிச் செய்து பார்த்தார்கள். அசலில் 97 சதவீத ஆய்வுகள் உறுதியான விளைவு கண்டதாகச் சொல்லியிருந்தன. திருப்பிச் செய்தபோது 36 சதவீதம்தான் தேறியது. அத்தனையும் மோசடி இல்லை. அச்சேறுவது வேறு, நிரூபணமாவது வேறு என்பதற்கு இதுவே போதும்.

இங்கே நம்ம பக்கத்துத் தோழர்களிடமும் ஒரு சண்டை எனக்கு உண்டு. “விஞ்ஞானமே ஆதிக்கச் சொல்லாடல், தூக்கிப் போடு” என்கிறார்கள். கேட்க வீரமாக இருக்கிறது. மலக்குழிக்குள் இறங்கிய நம் ஆள் செத்துக் கிடக்கும்போது, மாரடைப்பு என்று எழுதப் பேனாவோடு நிற்பவன் இருக்கிறான். உள்ளே விஷவாயு எவ்வளவு இருந்தது என்று அளந்து சொல்ல நமக்கு அதே விஞ்ஞானம்தான் வேண்டும். தராசில் கள்ள எடை போடுகிறான் என்றால் எடைக்கல்லைச் சோதிக்கணும். தராசே வேண்டாம் என்றால் அவனுக்குத்தான் கொண்டாட்டம்.

அம்பேத்கர் செய்தது இதைத்தான். ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற வெள்ளை அதிகாரி, 1901 குடிமதிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர், ஊர் ஊராக மூக்கை அளக்க வைத்தார். மூக்கு அகல அகலச் சாதி தாழும் என்று விதியே எழுதினார். தீண்டாமைக்கு இன வேறுபாடே காரணம் என்பதற்கு அது வசதியாகப் போயிற்று. 1948-ல் வந்த ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அம்பேத்கர் அளவெடுப்பைத் திட்டிவிட்டு நகரவில்லை. குர்யே தொகுத்த மூக்களவுகளை மாகாணம் மாகாணமாக எடுத்து வைத்தார். இந்த அளவுகளை நம்புவதானால் பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் ஆகிறது என்று காட்டினார். அவர்கள் லெட்ஜரை வைத்தே அவர்கள் கணக்கை உடைத்தார். பொருளாதாரம் படித்தவர், பட்டியலைப் பார்த்து மிரளாதவர்.

அதனால் விடுதித் தோழருக்கு நான் சொன்னது இதுதான். அடுத்த தடவை எவனாவது ஆராய்ச்சி சொல்லுது என்றால், சத்தம் போடாமல் கேளுங்கள். எந்த ஆராய்ச்சி? எத்தனை பேரை அளந்தார்கள்? தரவு யார் கையில் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்களா? வேறு யாராவது திருப்பிச் செய்து பார்த்தார்களா? காசு கொடுத்தது யார்? பதில் வந்தால் உட்கார்ந்து படிப்போம். சரியாக இருந்தால் நமக்குக் கசந்தாலும் ஒத்துக்கொள்வோம். நம் பக்கத்துக்குச் சாதகமாக வருகிற ஆய்வையும் இதே கேள்விகளைக் கேட்டுத்தான் உள்ளே விடணும். இல்லையென்றால் நமக்கும் பர்ட்டின் சகாக்களுக்கும் என்ன வித்தியாசம்?

நம் பிள்ளைகள் கவிதை எழுத வருகிறார்கள், வரட்டும், நானும் அப்படி வந்தவன்தான். புள்ளியியல் படிக்கவும் நாலு பேர் வரணும். இதழ்களின் ஆசிரியர் குழுவுக்குள், மதிப்பீட்டு மேசைக்குள் நாம் போகணும். அங்கே கேட்கிற இடஒதுக்கீடு நமக்கு மட்டுமான சலுகை ஆகாது, விஞ்ஞானத்துக்கு அது மருந்து.

அந்தத் தோழர் போன வாரம் மறுபடி வந்தார். வகுப்பில் கேட்டாராம், “எந்த ஆராய்ச்சி?” என்று. உடன் படிக்கிறவருக்குப் பெயர் தெரியவில்லை, தேடிக் கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். கொண்டு வரட்டும், சேர்ந்து படிப்போம் என்று சொல்லியிருக்கிறோம்.