மண்ணின் பெயரும் மண்ணின் இயல்பும்

மண்நிறங்களைப் பற்றித் தைலவண்ண ஓவியருள் இரு கட்சியினர் உளர். இயற்கை மண்ணே தூயது, ஆலையில் ஆக்கப்பட்டது போலி என்பர் ஒரு சாரார். இரண்டும் இரும்பொட்சைட்டே, வேற்றுமை காண்பது மயக்கம் என்பர் மறுசாரார். இரு கூற்றும் ஒப்பிட்டு நோக்காது எழுந்தவை. ஆதலின் இரண்டும் பிழையானவை.

முதற் கூற்றை நோக்குவோம். மஞ்சட்காவிக்கு நிறந்தருவது நீர் சேர்ந்த இரும்பொட்சைட்டு. அதனைச் சுட்டால் நீர் நீங்கிச் செங்காவியாகும். சுட்ட சியென்னாவும் சுட்ட அம்பரும் இவ்வாறு நெருப்பிலிட்டுப் பெறப்பட்டனவே. நெருப்பின் செயற்கையைப் பன்னெடுங்காலமாக ஏற்றவர், ஆலையின் செயற்கையை மட்டும் இழிந்ததென்பது எங்ஙனம்? ஆலை தரும் இரும்பொட்சைட்டும் ஒளிபட்டு மங்குவதில்லை.

இரண்டாவது கூற்று இதனினும் கேடு பயப்பது. இயற்கை மண்ணில் இரும்பொட்சைட்டுத் தனித்திருப்பதில்லை. களியும் படிகக்கல்லும் கலந்திருக்கும். துகள்கள் பருமனில் வேறுபடும். ஆலைப்பொருளின் துகள்களோ நுண்ணியவை, சீரானவை, நிறவலு மிக்கவை. இவ்வேறுபாடு கலவையிலேயே புலனாகும். இருவகை மஞ்சட்காவியையும் சம அளவில் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே அளவு வெள்ளையுடன் குழைத்தால், செயற்கைக் காவி வெள்ளையை விரைந்து மேற்கொள்ளும். இயற்கைக் காவி இணங்கிச் செல்லும். முகத்தின் மென்னிழலைப் படிப்படியாகத் தீட்டுவோன் வேண்டுவது இவ்விணக்கமே. அம்பர் மண்ணிலோ மங்கனீசொட்சைட்டும் உண்டு. அது ஆளிவிதை எண்ணெயை விரைந்து உலரச் செய்வது. மங்கனீசற்ற கபிலக் கலவையொன்று கண்ணுக்கு அம்பரை ஒத்திருப்பினும் அத்தொழிலைச் செய்யாது.

இவ்வுண்மைகளை மறைப்பது பெயர். சியென்னா என்பது இத்தாலிய நகரொன்றின் பெயர். அப்பெயர் பொறித்த குழாயினுள் அந்நகரத்து மண்ணே உளதென்பதற்கு உறுதியில்லை. பெயரினும் நிறச் சுட்டெண்ணே நம்பத்தக்கது: மஞ்சளில் 43 இயற்கையையும் 42 செயற்கையையும், செம்மையில் 102 இயற்கையையும் 101 செயற்கையையும் குறிக்கும். எனினும் எண்ணும் முடிந்த முடிபன்று. ஓரெண் பெற்ற இரு மண்கள், அகழ்ந்த இடம் வேறாயின், குணத்தாலும் வேறாகும்.

எனவே இயற்கையைத் தொழுவதும் வேண்டா, வேற்றுமையை மறுப்பதும் வேண்டா. வெள்ளையுடன் கலந்தும், மெல்லிய படலமாகப் பூசியும், உலரும் காலத்தைக் கணித்தும் ஒவ்வொரு மண்ணையும் சோதித்தறிதல் ஓவியன் கடன். அக்கடனைத் துறப்பவன் கையில் தூரிகை இருப்பினும், நிறத்தைத் தெரிபவன் வணிகனே.