திண்டிவனம் தாண்டியும் ஓடணும்!

திண்டிவனத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய மகள் வேலைக்குப் போகிறவள், ஒரு குழந்தைக்குத் தாய். அவசர சிகிச்சைக்கு வருகிற ஏழைக் குழந்தைகளுக்குப் பணம் திரட்டுவதற்காகச் சென்னையில் நடக்கப் போகும் ஓட்டத்தில் தானும் ஓடப் போவதாக ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "குழந்தை பெற்றவள் ரோட்டில் ஓடினால் நாலு பேர் என்ன சொல்லுவாங்க? பணம் கொடுக்கணும்னா கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே, ஓடுவானேன்? நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார் அம்மா.

மாரத்தான் என்றால் எவ்வளவு தூரம் தெரியுமோ? 42 கிலோமீட்டர் 195 மீட்டர். நம்ம கணக்கில் சொன்னால், விழுப்புரத்தில் புறப்பட்டு முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் எல்லாம் கடந்து திண்டிவனம் போய்ச் சேர்ந்தாலும் இன்னும் நாலைந்து கிலோமீட்டர் பாக்கி நிற்கும். பாசஞ்சர் ரயிலில் உட்கார்ந்துகொண்டு போனாலே நமக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது!

இந்தத் தூரத்தை 89 வயதில் ஒருவர் ஓடினார். பெயர் ஃபௌஜா சிங். பஞ்சாபில் 1911-ல் பிறந்த விவசாயி. சிறு வயதில் கால்கள் சூம்பிப் போய், ஐந்து வயது வரை நடக்கவே இல்லையாம். பிள்ளை ஒருவனைக் கண்ணெதிரே விபத்தில் பறிகொடுத்த துக்கத்தில், வயதான காலத்தில் லண்டனில் இருந்துகொண்டு ஓட ஆரம்பித்தார். முதல் நாள் பயிற்சிக்குக் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றாராம்! 2000-ம் வருஷம் லண்டன் மாரத்தானை 6 மணி 54 நிமிஷத்தில் முடித்தார். யாருக்காக ஓடினார் என்பதுதான் விசேஷம். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களைக் காப்பாற்றும் 'ப்ளிஸ்' என்ற தர்ம ஸ்தாபனத்துக்காக. கொள்ளுத்தாத்தா வயசுக்காரர், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற சிசுவுக்காக ஓடியிருக்கிறார். 2011-ல் டொராண்டோவில் நூறு வயதில் முழு மாரத்தானையும் முடித்தார். பிறந்த சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் மட்டும் அதை ஏற்கவில்லை. நம் பாட்டிமார்களில் யாரிடம் இருந்தது சான்றிதழ்?

"ஓடுவானேன்?" என்ற கேள்வியை எங்கள் அத்தையும் கேட்டார். "மயிலம் முருகனுக்குக் காவடி எடுத்துக்கிட்டு வேகாத வெயில்ல நடக்கிறாங்களே, உண்டியல்ல போட்டுட்டு வந்தால் ஆகாதா அத்தை?" என்றேன். அத்தை பதில் பேசவில்லை. நானும் கஷ்டப்படுகிறேன், நீயும் கொஞ்சம் கொடு என்று கேட்கும்போது கை நீளுகிறது. சும்மா கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். வெளிநாட்டில் மட்டுமில்லை, 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தானிலும் ஓடுகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் இப்படித்தான் தர்மத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம் குழந்தைக்கு ஆபத்து என்றால் என்ன நடக்கிறது? முண்டியம்பாக்கத்தில் 2010-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்கும் மேலே என்றால் புதுச்சேரி ஜிப்மர், இல்லை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. 108 வண்டி வந்துவிடும். அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் கூட வந்தவர்கள்? எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் பேரனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தது. சென்னைக்குக் கொண்டுபோய்ப் பதினோரு நாள். அம்மா மட்டும்தான் உள்ளே. அப்பா வெளியே நடைபாதையில் படுத்துக் கிடந்தார். சாப்பாடு, ஆட்டோ, போன கூலி என்று கணக்குப் பார்த்தால் பிள்ளை பிழைத்து வந்தபோது காதுத் தோடு அடகுக் கடையில் இருந்தது.

அதனால்தான் 2023 ஆகஸ்ட் 6-ம் தேதி சென்னையில் நடந்த கலைஞர் நூற்றாண்டு மாரத்தான் விஷயம் எனக்குப் பெரிதாகப் பட்டது. 73,206 பேர் பதிவு செய்தார்கள். சேர்ந்த கட்டணம் 3 கோடியே 42 லட்சம் ரூபாய் சொச்சம், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் குழந்தைகளோடு வருகிறவர்கள் தங்குவதற்கு விடுதி கட்ட என்று கொடுக்கப்பட்டது. "கட்டடத்துக்கா? மருந்துக்குக் கொடுத்திருக்கலாமே" என்று இவர் சொன்னார். ஆண்கள் அப்படித்தான் சொல்வார்கள். பச்சை உடம்போடு வராந்தாவில் சுருண்டு படுத்தவளைக் கேட்டால் தெரியும்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்கும் ஒரு வார்த்தை. 1967-ல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் காதரின் ஸ்விட்சர் என்ற பெண் ஓடியபோது, போட்டி அதிகாரியே பாய்ந்து வந்து அவள் சட்டையிலிருந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அவள் நிற்கவில்லை, ஓடி முடித்தாள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைக்க 1984 ஆயிற்று. அங்கேயே அப்படியென்றால் திண்டிவனத்தில் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். பேசட்டுமே.

ஆனால் அம்மாவின் பயம் வேறு விதத்தில் நியாயம். எடுத்த எடுப்பில் 42 கிலோமீட்டர் கூடவே கூடாது. 5, 10 கிலோமீட்டர் ஓட்டங்களும் உண்டு, அதிலே சேரட்டும். முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை, முக்கியமாக ரத்தசோகை பார்த்துவிட வேண்டும். நம்மில் பலபேர் ரத்தம் குறைந்த உடம்போடுதான் நடமாடுகிறோம். ஒரு மாதம் தினம் அரைமணி வேகமாக நடக்கட்டும். அப்புறம் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று மெள்ளக் கூட்டலாம். ஓடும்போது பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று டாக்டரைப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவர்களுக்கு ஓடும்போது சிறுநீர் கசிவதுண்டு. வெட்கப்பட்டு மறைக்காமல் லேடி டாக்டரிடம் சொன்னால், இடுப்புக்குழித் தசைக்கு உடற்பயிற்சி சொல்லித் தருவார். வெறும் தண்ணீரை மடமடவென்று நிறையக் குடிப்பதும் கெடுதல், ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். நெடுந்தூரத்துக்கு உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. செருப்பு உதவாது, விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு ஷூ வாங்குங்கள்.

இன்னொன்று. நெடுஞ்சாலை ஓரத்தில் பயிற்சி வேண்டவே வேண்டாம். அத்தனை மாரத்தான் ஓடிய ஃபௌஜா சிங், 2025 ஜூலையில் தம் கிராமத்துப் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது கார் மோதித்தான் காலமானார். பள்ளிக்கூட மைதானத்தில் அனுமதி கேட்டு, துணைக்கு இரண்டு பேரோடு ஓடட்டும். அம்மா, நீங்களே கூடப் போய் நடக்கலாமே?

பணம் வாங்கும்போது எந்த ஸ்தாபனம், பதிவானதா, பணம் எதற்குப் போகிறது என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து ரூபாய் ஆனாலும் ரசீது கொடுக்கணும். உறவுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஓட்டத் தேதி தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் வீதம் என் பங்கு. எங்கள் விழுப்புரம் தெருவில் இதுவரை ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். அத்தை 50 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கிலோமீட்டருக்கா மொத்தமாகவா என்று இன்னும் சொல்லவில்லை.